குடத்துக்குள் எவர் ஓலை?

குடவோலை! அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே நெஞ்சு நிமிர்கிறது நமக்கு. மேடையேறுவோர் அதை முழங்குகின்றனர். பாடநூல் எழுதுவோர் பக்கம் பக்கமாகப் புகழ்கின்றனர். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே, ஓலையிலே பெயர் பொறித்து, குடத்திலே இட்டு, குழந்தையின் கையாலே எடுத்து, ஊர்ப்பணி ஆற்றுவோரைத் தேர்ந்தெடுத்த நாடு நம் நாடு என்கின்றனர். முழங்கட்டும், முழங்கத்தக்க செய்திதான். நாமும் வகுப்பறையிலே கரும்பலகையை மறந்து, கடியாரத்தை மறந்து, அதைப் பற்றி முழங்கியவர்தாம்.

அப்படி முழங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து நின்றாள். "ஊரிலே இருந்த எல்லார் பெயரையும் எழுதிப் போட்டார்களா, ஐயா?" என்றாள். சற்றுத் தயங்கி, "எங்கள் தெருக்காரர் பெயரும் அதிலே இருந்திருக்குமா?" என்றாள். அவள் தெரு எது என்பதை அந்த ஊரிலே பால் கொண்டுவருபவரிலிருந்து பள்ளித் தலைமையாசிரியர் வரை அனைவரும் அறிவர். மணி அடித்தது. மறுநாள் விடை தருவதாகச் சொல்லி வெளியேறினோம். மணியோசை அவ்வளவு இனிமையாக நமக்கு அதற்கு முன் என்றுமே ஒலித்ததில்லை!

அன்றிரவு கல்வெட்டின் வாசகத்தைத் தேடி எடுத்து, வரி வரியாகப் படித்தோம். பாடநூல் சொன்னதும் அதிலே இருந்தது. சொல்லாமல் விட்டதும் இருந்தது.

காஞ்சிபுரம் மாவட்டத்திலே உள்ள உத்திரமேரூர் அந்நாளிலே உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டினது. மற்றது 921ஆம் ஆண்டினது. 1898இல் தொல்லியல் துறையினர் அவற்றைப் படியெடுத்தனர். அதன் பின்னரே படித்தோர் உலகம் குடவோலையின் முழு வடிவத்தைக் கண்டது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் அதனினும் பழையது. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே அது உவமையாக வருகிறது. அவ்வுவமை வருமிடமோ போர்க்களம்! வீழ்ந்த வீரனின் குடரைப் பருந்தினம் பற்றி இழுப்பதற்குப் புலவர் அதை ஒப்பிடுகிறார். சோழர் காலத்துக் கல் நமக்குத் தருவது உவமை அன்று, விதி. ஒவ்வொரு படியும் செதுக்கி வைத்த விதி.

அந்த விதியின் நுட்பத்தைச் சற்று நின்று பார்த்தல் தகும். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இன்றைய சொல்லிலே வட்டம் அல்லது வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்பதற்கு அடையாள ஓலை சேர்த்து, குடத்திலே இட்டனர். இளையோரும் முதியோரும் நிறைந்த மகாசபை கூடிற்று. சபையிலிருந்த மூத்த நம்பி ஒருவர் எல்லோரும் காணுமாறு குடத்தைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாச் சிறுவனொருவன் ஒரு கட்டை எடுத்தான். அது வேறொரு குடத்திலே அவிழ்த்துக் குலைக்கப்பட்டது. அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையிலே தந்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையிலே அதனை வாங்கினான். ஏன் அகல விரித்தான்? விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கிறதோ என்ற ஐயம் எவருக்கும் எழலாகாது என்பதற்காக! அவன் படித்தான், பின் மண்டபத்திலிருந்த நம்பிகள் அனைவரும் அதனைப் படித்தனர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது.

இவ்வாறு வந்த 30 பேரில் 12 பேர் ஆட்டை வாரியம், அதாவது சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் வேறு. பதவிக் காலம் 360 நாள். ஒரு நாளும் கூடுதல் இல்லை. அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் மீண்டும் குடத்தில் விழலாகாது. குற்றம் கண்டால் காலம் முடியுமுன்னரே நீக்கம்.

எல்லாவற்றினும் நம்மை வியக்க வைத்தது கணக்கு பற்றிய விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மீண்டும் வர முடியாது என்பதோடு நின்றதா? இல்லை. அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள் வரலாகாது; அத்தை மக்கள் வரலாகாது; தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன் எவரும் வரலாகாது. முறை சொல்லி முறை சொல்லி வாயில் அடைக்கப்பட்டது. கணக்கு எழுதுவோன் தன் கணக்கைத் தானே கொண்டுவந்து சபையிலே காட்டி, தூயவன் எனத் தேறினாலன்றி, மறுமுறை எழுதுகோல் எடுக்க முடியாது. அண்ணன் போனால் தம்பி, தம்பி போனால் தம்பி மனைவி, அவரும் போனால் மாமனார் என்று நாற்காலியைக் குடும்பச் சொத்தாக்கிக் கொள்ளும் கலையில் தேர்ந்தவர்கள் அந்தச் சுவரின் முன் ஒரு நாழிகை நின்றுவிட்டு வரலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 919இல் விதித்ததை 921இல் திருத்தினர். இரண்டாண்டு நடத்திப் பார்த்து, ஓட்டை எங்கே என்று கண்டு, மகாசபை கூடி அடைத்தது. அரசன் ஆணைப்படி அதிகாரி ஒருவன் உடனிருந்தான்; எனினும் நடைமுறை அவ்வூராருடையது. தாமே வகுத்து, தாமே நடத்தி, தாமே திருத்திக் கொள்ளும் திறம் அவர்களிடம் இருந்தது. அதனை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

சரி, அந்தத் தகுதியுடையோர் யாவர்?

இறையிறுக்கும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவர். தன் மனையிலே அகம் எடுத்து வாழ்பவர். 70 வயதிற்குட்பட்டு 35 வயதிற்கு மேற்பட்டவர். வேதத்தின் மந்திரமும் பிராமணமும் ஓதி அறிந்தவர். நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலோ, ஒரு வேதத்தோடு ஒரு பாடியமும் வல்லவராக இருத்தல் வேண்டும். அதாவது, நிலம் குறைந்தால் மறை கூட வேண்டும்; மறை ஓதும் உரிமையே அற்றவனுக்கு, நிலம் மலையளவு இருந்தாலும் வழியில்லை. வேலி என்பது பிற்காலத் தஞ்சை வழக்கிலே ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். ஒன்றரை ஏக்கருக்கு மேலே சொந்த நிலமும், சொந்த மனையும், நான்மறையிற் பயிற்சியும் சேர்ந்தவன் எவனோ அவன் பெயரே ஓலை ஏறும். உழுதவன் பெயர் ஏறாது. மண் சுமந்தவன் பெயர் ஏறாது. குடம் செய்த குயவன் பெயர் அவன் செய்த குடத்துள்ளேயே விழாது! பெண்ணின் பெயர் ஓலை ஏறலாம் என்பதற்கோ அவ்விதிகளிலே ஒரு சொல்லும் இல்லை.

"அது பிரமதேய ஊர், அப்படித்தான் இருக்கும். வேளாளர் வாழ்ந்த ஊர்களில் இப்படியில்லை" என்று விடை பகர்வோர் உண்டு. அந்த ஊர்களிலே கூடிய அவைக்கு 'ஊர்' என்றே பெயர். அதன் தேர்தல் விதியை இத்துணை விரிவாகச் சொல்லும் கல் கிடைக்கவில்லை. அவையிலே அமர்ந்தோர் நிலமுடையோர் என்பது மட்டும் தெளிவு. ஆகவே குற்றம் முழுவதையும் ஒரே திண்ணையிலே இறக்கி வைத்துவிட்டு, மற்றத் திண்ணைக்காரர் கைகழுவிக்கொள்ள இடமில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு வழங்கிய ஊர்களின் பட்டியலைப் பாருங்கள். வரி விதிக்கப்படாத நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றின் வரிசையிலே பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது! ஆயிரம் ஆண்டுக் கோயிலின் அழகிலே மயங்கி நிற்கும் நாம், அதன் கல்லிலே பொறித்த அந்தச் சொல்லின் முன் ஒரு கணமேனும் நின்றதுண்டா?

இனி ஏரிக்கு வருவோம். ஏனெனில் வாரியங்களிலே ஏரி வாரியமே உயிர் வாரியம். தொண்டை நாட்டிலே வற்றாத ஆறு கிடையாது; மழை பெய்த நாளிலே மடக்கிப் பிடித்து வைத்த நீரே மறு மழை வரை சோறு. உத்தரமேருவுக்குப் பல்லவர் காலத்திலேயே பேரேரி ஒன்று இருந்தது. வைரமேக தடாகம் என்பது அதன் பெயர். தூர் எடுக்கப் பொன் வைத்தோர் உண்டு. அந்தப் பொன்னின் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் பணி நடந்தது. எந்த ஆண்டு எந்தப் பக்கம் தூர் வாருவது, எந்த மதகு பழுது, கலிங்கை எவ்வளவு உயர்த்துவது, எந்தக் காலுக்கு எத்தனை நாள் நீர் என்பன போன்றவற்றையெல்லாம் கருதி முடிவு செய்தல் வாரியப் பெருமக்களின் கடமை.

முடிவு செய்தவர் அவர். வாரியவர்?

தூர் என்பது தானே கரையேறிப் போவதில்லை. கோடையிலே காய்ந்து வெடித்த ஏரிப் படுகையில் இறங்கி, மண்வெட்டியால் வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் தூக்கி, கரையேறிக் கொட்ட ஆள் வேண்டும். சோழர் கல்வெட்டுகளிலே 'வெட்டி' என்றொரு சொல் அடிக்கடி வரும். கூலியின்றிச் செய்தாக வேண்டிய உழைப்பு அது. பயனற்றுச் செய்வதை 'வெட்டி வேலை' என்று நாம் இன்றும் சொல்கிறோம். சொல்லும்போது அதன் பின்னே குனிந்து நிற்கும் முதுகுகளை நினைப்பதில்லை. தொண்டை நாட்டு ஏரிகள் பலவற்றிலே, மதகைத் திறந்து வயல் வயலாக நீர் விடும் நீர்க்கட்டி என்னும் பணியாளர் அண்மைக்காலம் வரை ஒடுக்கப்பட்ட சமுதாயத்தவராகவே இருந்து வந்திருக்கின்றனர். ஏரியின் ஒவ்வொரு சுரப்பும் கசிவும் அவருக்குத் தெரியும். எந்த மடை எந்த மாதம் கழுத்தை அறுக்கும் என்பதும் தெரியும். எனினும் ஏரி பற்றிப் பேசும் கூட்டத்திலே அவருக்கு இடம் எங்கே? கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் தூரத்திலே, வேப்பமரத்தடியிலே!

பொதுப்பணியில் மக்கள் பங்கு என்று இன்று பேசுகிறோமே, அதிலே இரண்டு பங்கு உண்டு என்பதை உத்திரமேரூர் நமக்குக் காட்டுகிறது. எண்ணுவதிலே பங்கு ஒன்று. சுமப்பதிலே பங்கு மற்றொன்று. முன்னது சிலருக்கு. பின்னது எஞ்சியோர் அனைவருக்கும்.

வெள்ளையர் வந்தனர். இந்தப் பாகுபாட்டை அவர்கள் நீக்கினார்களா? மேல் பாதியைத் தமதாக்கிக் கொண்டனர். இரயத்துவாரி முறையிலே ஏரி சர்க்காருடையதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே பொதுப்பணித் துறை எழுந்தது. வரைபடமும் மதிப்பீடும் பொறியாளரின் மேசைக்குப் போயின. ஆனால் மண் சுமக்கும் கடமையை மட்டும் குடிகளிடமே விட்டு வைத்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மேசை பறிபோன பின் மண்வெட்டி பிடிக்க மக்கள் மனம் கொள்வார்களா? பணி தளர்ந்தது. உடனே 1858இல் சட்டம் வந்தது: வெள்ளத்தால் கரை உடையும் வேளையிலே ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம், வழக்கமான குடிமராமத்துக்கு வராதவனிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு தண்டலாம். சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்பதே அதன் பெயர்! பங்கேற்பு என்று அவர்கள் அதை அழைக்கவில்லை. அந்த மட்டுக்கு நேர்மை இருந்தது.

பின் 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம். 1884இல் சென்னை மாகாணத் தலவாரியச் சட்டம். 1920இல் இன்னும் விரிந்த சட்டங்கள். சாலை, மருத்துவமனை, பள்ளி, கிணறு யாவும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் கைக்கு மெல்ல மெல்ல வந்தன. வந்தபோது பழைய கேள்வியும் கூடவே வந்தது. பொதுப்பணத்திலே வெட்டிய கிணற்றிலே பொதுமக்களில் ஒரு பகுதியினர் நீர் எடுக்கக் கூடாதாம். பொதுச் சாலையிலே நடக்கக் கூடாதாம். இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டு வந்தார். பொதுவழி, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எவருக்கும் அடைபடலாகாது என்பதே அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆயிற்று. மன்றத்துக்குள்ளே ஓர் இருக்கை இருந்ததால்தான் அந்தக் குரல் எழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேப்பமரத்தடியிலிருந்து எழுந்த குரல்கள் அதற்குமுன் எத்தனையோ. அவை குறிப்பேட்டில் ஏறவில்லை.

1948இல் அரசியல் நிர்ணய சபையிலே, சிற்றூரையே ஆட்சிக்கு அடிப்படையாக வைக்கவேண்டும் என்று பலர் வாதாடினர். அண்ணல் அம்பேத்கர் மறுத்தார். சிற்றூரைச் சிங்காரித்துப் பாடுவோர் அதனுள் குடியிருக்கும் குறுகிய மனத்தையும் சாதி வெறியையும் காணவில்லை என்று கடிந்து, தனி மனிதனையே அடிப்படையாகக் கொண்டதற்கு மகிழ்வு தெரிவித்தார். பின் அவ்வாண்டு நவம்பரிலே, கே. சந்தானம் கொண்டு வந்த திருத்தத்தின் வழியாக ஊராட்சி பற்றிய 40ஆம் பிரிவு சேர்ந்தது. அம்பேத்கரும் அதனை ஏற்றார். உத்திரமேரூர் பற்றி ஒரு பக்கம் பெருமிதம், சேரி பற்றி மறுபக்கம் அச்சம். இரண்டும் அந்த மன்றத்திலே மோதின. இரண்டும் மெய்யே.

அச்சத்துக்கு விடையாக ஒரு விதி வர 44 ஆண்டுகள் ஆயின. 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற 73ஆவது திருத்தம், ஊராட்சிகளிலே மகளிர்க்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கும் இடம் ஒதுக்கிற்று. கிராம சபைக்குச் சட்டத்திலே இடம் தந்தது. தமிழ்நாட்டில் 1994இல் புதிய ஊராட்சிச் சட்டம், 1996இல் தேர்தல். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர். கால் வேலி வேண்டாம்; சொந்த மனை வேண்டாம்; ஓத வேண்டிய மறை ஏதுமில்லை. குடத்தின் வாய் முதன்முறையாக எல்லார்க்கும் திறந்தது.

திறந்தபோது நேர்ந்தது என்ன? மதுரை மாவட்டம் மேலவளவில், தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவருடன் சென்ற தோழர்களையும், 1997 ஜூன் 30 அன்று, பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களிலே பத்தாண்டுக் காலம் ஊராட்சி முறையாக இயங்க முடியவில்லை. மனுச் செய்ய ஆளில்லாமற் செய்தனர், வென்றவரை உடனே பதவி விலகச் செய்தனர். 2006 அக்டோபரிலேதான் அங்கே தேர்தல் ஒழுங்காக முடிந்தது. 2020இல், கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவியை, கூட்டத்திலே மற்றவர் நாற்காலியில் இருக்கத் தரையிலே அமர்த்திய காட்சி, படமாகவே வெளிவந்தது. 921ஆம் ஆண்டின் விதி அவருடைய ஓலையைக் குடத்துக்குள் விடாது. 2020இலோ ஓலை விழுந்து, எடுத்துப் படித்து, எல்லோரும் கேட்டபின்னும் நாற்காலி தரப்படவில்லை. இந்த ஊர்களில் வாயிலை மறித்தோர் மறையவர் அல்லர் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். சொல்லும்போது நாக்கு கூசத்தான் செய்கிறது.

ஆகவே, பழம்பெருமை பேசுவோரிடம் நமக்குள்ள வழக்கு இதுதான். உத்திரமேரூரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, விட்டுவிட வேண்டியதை மறைத்து வைக்கிறார்கள். எடுக்க வேண்டியது அந்தக் கணக்கு விதி. அந்தச் சுழற்சி விதி. ஐந்து விரலை அகல விரித்த அந்தக் கை. கிராம சபை கூடும் நாளிலே வரவு செலவைப் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை ஊரிலே எல்லோர்க்கும் விளங்கும்படி படிக்கிறார்கள்? கையெழுத்துப் புத்தகம் வீடு வீடாகச் சுற்றி வருவதைக் கண்ட கண்கள் நம்முடையவை. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு ஏரிப் பணியைப் புதுப்பித்தது. பழைய பெயர் மீண்டது. மீண்ட பெயரோடு நீர்க்கட்டியின் சொல்லுக்கு மதகு பற்றிய முடிவிலே இடம் கிடைத்ததா என்பதை அந்தந்த ஊரார்தாம் சொல்லவேண்டும்.

மாணவிக்கு மறுநாள் விடை சொன்னோம். "இல்லை, அம்மா. உன் தெருக்காரர் பெயர் அதில் இல்லை. என் பாட்டனார் பெயரும் இருந்திராது" என்றோம். அவள் வருந்தியதாகத் தெரியவில்லை. அவள் எதிர்பார்த்த விடைதான் போலும். கல்வெட்டின் இறுதியிலே அதை எழுதிய மத்தியஸ்தனின் பெயர் இருக்கிறது என்று சொன்னபோது மட்டும், "ஏரி வெட்டினவர் பெயர்?" என்று கேட்டு, நாம் தலையசைத்ததைக் கண்டு, குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

அந்த வாரமே வகுப்பில் ஒரு குடம் வைத்தோம். வகுப்பு நூலகத்தை நடத்தவும், தாமதமாக நூல் திருப்புவோரிடம் வாங்கும் காசைக் காக்கவும் மூவர் கொண்ட வாரியம். 41 பேர்; 41 ஓலை, பனையோலை கிடைக்காமையால் பழைய நாட்காட்டித் தாள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்து வந்து எடுக்கச் சொன்னோம். இரண்டாவதாக வந்தது அவள் பெயர். வகுப்பே கை தட்டியது. அலமாரிச் சாவியை நீட்டினோம். அவள் வாங்கவில்லை.

"சென்ற ஆண்டுக் கணக்கு எங்கே, ஐயா? அதைப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொள்வேன்" என்றாள்.

சென்ற ஆண்டு அந்தக் காசை வைத்திருந்தவர் நாமே. எழுதி வைக்கவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டோம்.